ஏ பிளஸ்ஸைப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட கதை

டெக்சாஸில் 65ஐ நெருங்கும் நம் ஆட்கள் யாராவது இருந்தால், மெடிகேர் (65 வயதானவர்களுக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடு) ஏஜென்டை வீட்டுக்குக் கூப்பிடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

மெடிகேரில் டாக்டர் செலவைப் பார்க்கும் பகுதியான பார்ட் பி, டாக்டர் பில்லில் பொதுவாக 80 சதவீதம்தான் கொடுக்கும். மீதி 20க்காகத்தான் தனியார் கம்பெனிகள் விற்கும் மெடிகேப் பாலிசி. ஐந்து வருடம் முன்பு எனக்கு அதை விற்றவர் நம் தமிழ்ப் பையன்தான். காபியைக் குடித்துக்கொண்டே டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினார். கம்பெனி பெயருக்குப் பக்கத்தில் 'ஏ பிளஸ்', அதன் கீழே நாலரை நட்சத்திரம். "கண்ணை மூடிக்கிட்டுப் போடுங்க அங்கிள். பிளான் ஜி, மாசம் 121 டாலர்தான்." (பிளான் ஜி என்பது மெடிகேப்பில் ஒரு வகை.) போட்டேன்.

இப்போது மாதம் 214 கட்டுகிறேன்.

போன் செய்தால், "எல்லா கம்பெனியும் ஏத்துறாங்க அங்கிள்" என்கிறார். என் வயதுக்கார நண்பர் வேறு கம்பெனியில் அதே பிளான் ஜிக்கு 160 சொச்சம்தான் கட்டுகிறார். எந்தக் கம்பெனி விற்றாலும் பிளான் ஜி என்றால் அடிப்படைச் சலுகைகள் ஒன்றுதான், அது சட்டம். அப்படியென்றால் நான் எதற்குக் கூடுதலாக அழுகிறேன்?

அப்புறம்தான் தோண்டிப் பார்த்தேன். அந்த 'ஏ பிளஸ்' ஏ.எம். பெஸ்ட் என்ற நிறுவனம் கொடுப்பது. கிளெய்ம் பணம் கொடுக்கிற அளவுக்குக் கம்பெனியிடம் பலம் இருக்கிறதா என்பதை மட்டும்தான் அது சொல்லும். பிரீமியம் எப்படி ஏறும் என்று சொல்லாது. நட்சத்திரம் இன்னும் மோசம். அரசாங்கம் நட்சத்திரம் கொடுப்பது மெடிகேர் அட்வான்டேஜுக்கும் (அசல் மெடிகேருக்குப் பதிலாகத் தனியார் கம்பெனிகள் தரும் திட்டம்) பார்ட் டி மருந்துத் திட்டங்களுக்கும்தான். மெடிகேப்புக்குக் கிடையவே கிடையாது! அதே கம்பெனியின் அட்வான்டேஜ் பிளானுக்குக் கிடைத்ததை எனக்குக் காட்டியிருக்கிறார். தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்பது அவருக்கே வெளிச்சம்.

நான் கேட்டிருக்க வேண்டியது வேறு. வயது ஏற ஏறப் பிரீமியமும் ஏறுகிற வகையா? (என்னுடையது அந்த வகைதான்.) கடந்த சில வருடங்களில் எவ்வளவு ஏற்றினார்கள்? என் கம்பெனி பழைய பாலிசியைப் புதிதாக யாருக்கும் விற்பதில்லை. இன்னொரு பெயரில் துணைக் கம்பெனி தொடங்கிப் புது ஆட்களுக்கு மலிவாக விற்கிறது. ஆரோக்கியமானவர்கள் அங்கே தாவிவிட, நோயாளிகளான நாங்கள் மிச்சம். செலவு எங்கள் தலையில்தான்.

சரி, மாறிவிடலாமே என்று விண்ணப்பித்தேன். போன வருடம் ஸ்டென்ட் வைத்தவன் என்று நிராகரித்துவிட்டார்கள். 65 வயதாகிப் பார்ட் பி தொடங்கியதிலிருந்து 6 மாதம்தான் உடம்பைக் காட்டி மறுக்க முடியாத காலம். நியூயார்க், கனெக்டிகட்டில் எப்போது வேண்டுமானாலும் மாறலாமாம். இங்கே அந்த வசதி இல்லை.

டெக்சாஸில் ஹைகேப் என்று இலவச ஆலோசனை இருக்கிறது, கமிஷன் வாங்காதவர்கள். மனைவிக்கு மார்ச்சில் 65. அவளுக்கு அங்கேதான் நேரம் வாங்கியிருக்கிறோம். அந்தப் பையன் நேற்று வாட்ஸ்அப்பில், "ஆன்ட்டிக்கும் பார்த்துடலாமா அங்கிள்?" என்று கேட்டிருக்கிறார். கூடவே அதே நாலரை நட்சத்திரப் படம்.