பிளாக்கர் பக்கப்பட்டை: இழுத்து வைத்துப் பழகிய அனுபவம்

மாடித்தோட்டம் பற்றி 2010 முதல் கூகுளின் இலவச வலைப்பதிவுத் தளமான பிளாக்கரில் எழுதி வருகிறேன். பதிவு எழுதுவதற்கு அடுத்தபடியாக நான் அதிகம் கை வைத்தது, பதிவுக்குப் பக்கத்தில் தேடல், காப்பகம் போன்ற பெட்டிகள் இருக்கும் பக்கப்பட்டையில்தான். எனக்கு முன்பே எழுத வந்த நண்பர்கள், ஒரு தொடுப்பைச் சேர்க்கக்கூட, வலைப்பதிவின் தோற்றத்தை அமைக்கும் வார்ப்புருவின் நிரலைத் திறக்க வேண்டியிருந்த காலத்தைச் சொல்வார்கள். 2006-ல் இழுத்து வைக்கும் வசதி வந்தது. லேஅவுட் பக்கத்தில் ஒரு பெட்டியைப் பிடித்து மேலே இழுத்தால் மற்றவை நகர்ந்து இடம் கொடுக்கும். நிரல் தெரியாத எனக்கு அது பெரிய விடுதலை.

எளிதாக இருந்ததாலேயே முதல் இரண்டு வருடம் கண்டதையெல்லாம் சேர்த்தேன். கடிகாரம், பல வலைப்பதிவுகளின் பதிவுகளைத் தொகுத்துக் காட்டும் திரட்டிகளின் பட்டைகள், வருகை எண்ணி. ஒரு நாள் வாசகர் ஒருவர், "தம்பி, உங்க பக்கத்தைத் திறந்தா வேற என்னென்னவோ திறக்குது" என்று எழுதியிருந்தார். பக்கப்பட்டையின் பெட்டிகளான கேட்ஜெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்ததில், வெளியிலிருந்து வாங்கி ஒட்டிய வருகை எண்ணியின் நிரல்தான் விளம்பரப் பக்கங்களைத் திறந்துகொண்டிருந்தது. கத்தரிச் செடிக்கு மருந்து தேடி வந்தவரை அப்படி அலைக்கழித்தது இன்றும் வருத்தம்தான். அதன்பின் வெளி நிரல் எதையும் ஒட்டுவதில்லை.

எடுக்கும்போது ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். வேர்ட்பிரஸ் என்ற இன்னொரு வலைப்பதிவு மென்பொருளில் கேட்ஜெட்டை விட்ஜெட் என்பார்கள். அங்கே செயல்படாத விட்ஜெட்டுகளுக்கென்று தனி இடம் உண்டு; அங்கே இழுத்துப் போட்டால் அமைப்புகள் அப்படியே இருக்கும். பிளாக்கரில் அப்படி இல்லை, நீக்கினால் போனது போனதுதான். அதனால் நிரல் இடும் எச்டிஎம்எல் கேட்ஜெட்டை நீக்கும் முன் உள்ளிருப்பதை நோட்பேடில் நகலெடுத்து வைத்துக்கொள்கிறேன்.

இப்போது பக்கப்பட்டையில் இருப்பது ஐந்தே ஐந்து: விதைப்புக் குறிப்பு, தேடல், லேபிள் (பதிவுகளை வகை பிரிக்கும் குறிச்சொற்கள்), பிரபல பதிவுகள், காப்பகம். இதில் எனக்கு மிகவும் பிடித்தது விதைப்புக் குறிப்பு. வெறும் உரைப் பெட்டிதான். ஆடி பிறக்கப் போகிறது என்றால் வெண்டை, அவரை, பீர்க்கை, பரங்கி என்று ஆடிப்பட்டத்துக்கு உரியதை எழுதி, ஒவ்வொன்றுக்கும் பழைய பதிவின் தொடுப்பைக் கொடுத்து, பெட்டியை உச்சிக்கு இழுத்துவிடுவேன். பட்டம் முடிந்ததும் கீழே இறங்கிவிடும். தை வந்தால் மறுபடி மேலே. இரண்டு நிமிட வேலை. ஆனால் ஐந்து வருடம் முன்பு எழுதியதை யாரோ படித்துவிட்டு, "இன்றுதான் விதை போட்டேன்" என்று சொல்லும்போது மனசு நிறைந்துவிடும்.

பிரபல பதிவுகளில் முதலில் எல்லாக் காலத்துக்கும் சேர்த்து வைத்திருந்தேன். கறிவேப்பிலை பற்றிய ஒரே பதிவு வருடக்கணக்கில் முதலிடத்தில் உட்கார்ந்திருந்தது. கடந்த 7 நாள் என்று மாற்றியபின், மழைக்காலத்தில் வேரழுகல், வெயில் காலத்தில் நிழல்வலை என்று வாசகர் தேடுவது தானாக மேலே வருகிறது.

லேபிள் கேட்ஜெட்டைப் பட்டியலாகப் போட்ட அன்றுதான் ஒரு குழப்பம் கண்ணில் பட்டது. 'பூச்சி விரட்டி' என்று இடைவெளி விட்டு ஒன்று, 'பூச்சிவிரட்டி' என்று சேர்த்து எழுதி இன்னொன்று. இரண்டும் தனித்தனி லேபிள்! ஒன்றைச் சொடுக்கினால் பாதிப் பதிவுதான் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து சரிசெய்தேன். தமிழில் எழுதுகிறவர்கள் இதை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. காப்பகத்தைக் கீழிறங்கு பட்டியாக மாற்றியதில் நிறைய இடம் மிச்சம்.

அப்புறம் கைப்பேசி. என்னுடையது பழைய தீம் (வார்ப்புருவைத்தான் இப்போது தீம் என்கிறார்கள்). அதன் மொபைல் வடிவத்தில் பக்கப்பட்டை தெரியாது. நான் பார்த்துப் பார்த்து அடுக்கியதைப் பாதிப் பேர் பார்க்கவே இல்லை என்பது தாமதமாகத்தான் புரிந்தது. தீமின் நிரலில் அந்தந்த கேட்ஜெட்டின் வரியில் மொபைலிலும் காட்டச் சொல்லும் பண்பைச் சேர்த்தால் தெரியும். விதைப்புக் குறிப்புக்கும் தேடலுக்கும் மட்டும் சேர்த்தேன். 2017-ல் வந்த புதிய தீம்களில் இந்தத் தொல்லை இல்லை, சின்னத் திரையில் மூன்று கோட்டுப் பொத்தானுக்குள் போய்விடும். ஆனால் அதைத் தொட்டுத் திறக்க வாசகருக்குத் தோன்ற வேண்டுமே. அதனால் பழைய தீமிலேயே இருக்கிறேன். பதிவுக்குக் கீழே உள்ள பகுதிக்கு விதைப்புக் குறிப்பை இழுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.