ஊர் மெடிக்கலில் மௌத்வாஷ் வாங்குகிறவர்களுக்கு

தமிழ்நாட்டில் எந்த ஊர்க் கடைவீதியிலும் மெடிக்கலில் போய் "மௌத்வாஷ் ஒண்ணு குடுங்க" என்றால், நல்ல கடைக்காரராக இருந்தால் "டாக்டர் எழுதினதா, சும்மா வாசனைக்கா?" என்று கேட்பார். கூட்ட நேரத்தில் அதுவும் இருக்காது. கைக்கு எட்டிய பாட்டில் மேசைக்கு வந்துவிடும், பெரும்பாலும் பிங்க் நிறத்தில். திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் குளோர்ஹெக்சிடின் குளுகோனேட் 0.2 சதவீதம் என்றிருக்கும். வாசனைக்காகக் கொப்பளிக்கிற சரக்கு இல்லை அது, கிருமிநாசினி.

அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள் இங்கே ஒரு நொடி நிற்க வேண்டும். அங்கே இதே மருந்து 0.12 சதவீதம், அதுவும் டாக்டர் சீட்டு இருந்தால்தான். லண்டன்காரர்களுக்கு 0.2 பழக்கமானதே. இரண்டும் ஏறத்தாழ ஒரே வேலையைத்தான் செய்கின்றன: அங்கே ஒரு வேளைக்கு 15 மி.லி., அதாவது 18 மி.கி. மருந்து, இங்கே 10 மி.லி., 20 மி.கி. பழகின கையோடு மூடி வழிய ஊற்றினால்தான் கணக்கு தப்பும். சில பாட்டில்களில் மூடிக்குள்ளேயே அளவுக்கோடு இருக்கும். இல்லாவிட்டால் இரண்டு டீஸ்பூன் போதும். ஒரு நிமிஷம் வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்ப வேண்டும், விழுங்கக் கூடாது. கொப்பளித்த கையோடு தண்ணீர் விட்டு அலசினால் கசப்பு இன்னும் தூக்கலாகத் தெரியும், மருந்தும் போய்விடும். எரிச்சல் இருந்தால் சம அளவு தண்ணீர் கலந்துகொள்ளச் சொல்லும் டாக்டர்களும் உண்டு. அப்போது அது 0.1 சதவீதம்.

இதைக் கெடுப்பவை இரண்டு. ஒன்று டூத்பேஸ்ட். நுரைக்காகப் பேஸ்ட்டில் சேர்க்கும் சோடியம் லாரில் சல்ஃபேட் எதிர்மின் தன்மை உடையது, குளோர்ஹெக்சிடின் நேர்மின் தன்மை உடையது. இரண்டும் வாயில் சந்தித்தால் ஒட்டிக்கொண்டு மருந்து செயலிழந்துவிடும். பல் துலக்கியபின் அரைமணி நேரம் விட்டுத்தான் கொப்பளிக்க வேண்டும். இன்னொன்று காபி, டீ. இந்த மருந்து பல்லின் மேல் படிந்திருக்கும்போது டீயும் டிகாஷனும் உள்ளே போனால் பழுப்புக் கறை பிடிக்கும், நாக்கிலும் பிடிக்கும். ஊர் வீட்டில் துலக்கிய வாயோடு ஃபில்டர் காபி வந்து நிற்கும் என்பதால் அதிகாலைக் கொப்பளிப்பு சரிப்படாது. காபி, இட்லி எல்லாம் முடிந்து, வெறும் தண்ணீரில் வாயைக் கழுவி, பத்து மணி வாக்கில் ஒரு வேளை. அடுத்த காபி ஒரு மணி நேரம் கழித்து. ராத்திரி துலக்கி அரைமணி கழித்து இன்னொரு வேளை, பிறகு படுக்கை.

கறை பிடித்தால் பயப்பட வேண்டாம், பல் டாக்டர் தேய்த்து எடுத்துவிடுவார். பல் நிறத்தில் அடைத்த அடைப்பின் ஓரத்தில் பிடித்ததுதான் சுலபத்தில் போகாது. உப்புச் சுவையும் சில நாள் மங்கும். சாம்பாரில் உப்பில்லை என்று சமைத்தவரைக் குறை சொல்லிக் கூடுதலாகப் போட்டுக்கொள்ளும் பி.பி. காரர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. உதடு வீக்கம், தடிப்பு, மூச்சுத்திணறல் வந்தால் அது ஒவ்வாமை. அரிதுதான், ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது.

சீட்டில் 1-0-1 என்று ஏழு நாளைக்கோ, மிஞ்சினால் பதினான்கு நாளைக்கோ எழுதுவார்கள். ஈறு வீங்கியிருக்கிறபோதும், பல் பிடுங்கிய பிறகு பிரஷ் போட முடியாத நாட்களிலும் இதற்கு வேலை இருக்கிறது. மாதக்கணக்கில் தினப்படிப் பழக்கமாக வைத்துக்கொண்டால் கறையும் பல்லில் கெட்டியாகக் கட்டும் காரையும்தான் மிச்சம்.

பல் பிடுங்கிய நாளில் எதையுமே கொப்பளிக்கக் கூடாது. குழியில் உறைந்த ரத்தம் பெயர்ந்து போனால் எலும்பு திறந்து, இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் காதுவரை இழுக்கும் வலி வரும். 24 மணி நேரம் கழித்து, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டு, வேகமாகக் கொப்பளிக்காமல் வாயில் வைத்துச் சாய்த்துச் சாய்த்து விட்டால் போதும். இதனால்தான் விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் பல் பிடுங்கும் வேலை வேண்டாம் என்பது. ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள். மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையும் எழுதியிருந்தால் சாராயம் கலந்த மௌத்வாஷை அந்த நாட்களில் ஒதுக்கிவையுங்கள்.

தொண்டைக் கரகரப்புக்குக் கேட்டால் வருவது போவிடோன் அயோடின். சிங்கப்பூர், மலேசியாவில் கொப்பளிக்க விற்பது 1 சதவீதம்; இங்கே 2 சதவீதம், சம அளவு தண்ணீர் கலக்க வேண்டியது. அதே பழுப்பு நிறத்தில் புண்ணுக்குப் போடும் 5, 10 சதவீதக் கரைசலும் அதே அலமாரியில் நிற்கும். "கார்கிள்" என்ற சொல் லேபிளில் இல்லையென்றால் வாயில் வைக்காதீர்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள், ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இது வேண்டாம்.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு: ஆறு வயதுக்குள் எந்த மௌத்வாஷும் தேவையில்லை, துப்பத் தெரியாமல் விழுங்கிவிடுவார்கள். பேஸ்ட் வாங்கும்போது பாருங்கள், சொத்தையைத் தடுக்கும் ஃபுளோரைடுக்கு இந்தியாவில் உச்சவரம்பு 1000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு); ஐரோப்பாவில் பெரியவர்களுக்கு 1450 வரை சாதாரணம். மூலிகைப் பேஸ்ட், பல்பொடி பலவற்றில் அது அறவே கிடையாது. அட்டையில் பி.பி.எம். எண் இருக்கிறதா என்பதுதான் அடையாளம். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் சொந்த ஊர் என்றால் கதை வேறு. அங்கே நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு கூடுதல், மிஞ்சினால் அதுவே பல்லைக் கெடுக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். பல் முளைக்கும் வயதுப் பிள்ளைக்குப் போர் தண்ணீர் கொடுக்காமல் குழாயில் வரும் காவிரித் தண்ணீர் கொடுங்கள்.

மருத்துவம் பார்க்க சென்னையில் கோட்டை ரயில் நிலையம் அருகே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்க வேண்டும். செலவு குறைவு, காத்திருப்பு அதிகம். தனியார் கிளினிக்கில் வேகம் உண்டு. எங்கே பார்த்தாலும் எக்ஸ்ரேயை வாட்ஸ்அப்பிலாவது வாங்கிக்கொள்ளுங்கள், பல் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இங்கே வழக்கமாக 14 என்றால் மேல்தாடை வலப்பக்க முன்கடைவாய்ப்பல். அமெரிக்க முறையில் 14 என்பது மேல்தாடை இடப்பக்க முதல் கடைவாய்ப்பல். "14-இல் ரூட் கெனால் செய்தது" என்று அங்கே போய்ச் சொன்னால் தப்பான பல்லைத்தான் தட்டிப் பார்ப்பார்கள்.

மிச்சமிருக்கும் பாட்டிலைக் கைப்பையில் கொண்டுவரலாமென்றால், 150 மி.லி. பாட்டில் முக்கால்வாசி காலியாக இருந்தாலும் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். 100 மி.லி. என்பது பாட்டிலின் கொள்ளளவுக்குத்தான். வீட்டிலேயே விட்டு வந்தால் அப்பா அதைத் தீரும்வரை கொப்பளிப்பார், தீர்ந்ததும் இன்னொன்று வாங்குவார். கிளம்புமுன் கொட்டிவிடுங்கள்.