எல் பட்டையா, ஸ்பூல் கொக்கியா? பேடாக் ஸ்டாண்ட் வாங்கும் முன்

சென்டர் ஸ்டாண்ட் இல்லாத வண்டியில் செயினுக்கு லூப் (உராய்வைக் குறைக்கும் எண்ணெய்) அடிப்பது பெரிய வேலை. கொஞ்சம் அடித்து, வண்டியை ஒரு முழம் தள்ளி, மறுபடி குனிந்து அடித்து என்று போனால், செயின் முழுச் சுற்று வருவதற்குள் எங்கே தொடங்கினோம் என்பதே மறந்துவிடும். பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்ட் இருந்தால் இந்தப் பாடு இல்லை. ஆனால் பார்வைக்கு எல்லா ஸ்டாண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். குழாயின் கனம், பெயின்ட் எல்லாம் அப்புறம். அது வண்டியை எந்த இடத்தில், எப்படிப் பிடிக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

எல் வடிவப் பட்டை வைத்த ஸ்டாண்ட், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் அடியில் ரப்பரை முட்டுக் கொடுத்துத் தூக்குகிறது. வண்டியில் எதையும் மாட்ட வேண்டாம், இரண்டு பக்கமும் கை உள்ள ஸ்விங் ஆர்ம் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும். குறை என்னவென்றால், வண்டி அதன்மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். முன்பின் நகராமல் பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. ஒரு பட்டை சற்று முன்னால் போய் உட்கார்ந்தாலே தூக்கும்போது வண்டி சாயும். எனக்கு ஒருமுறை அப்படி ஆனது. நண்பர் பின்சீட்டைப் பிடித்திராவிட்டால் டேங்க் நசுங்கியிருக்கும். ஸ்விங் ஆர்மின் அடிப்பக்கம் சரிவாக இருந்தாலோ, சைலன்சர் தாழ்ந்து தொங்கினாலோ இந்த வகை இன்னும் சிரமம்.

ஸ்பூல் வகையில் இந்தப் பயமே இல்லை. ஸ்விங் ஆர்மின் பின்முனைக்கு அருகே மரை போட்ட ஓட்டை இருந்தால், இரண்டு பக்கமும் உருளை மாதிரியான ஸ்பூலைத் திருகிவிட வேண்டும். ஸ்டாண்டின் வி வடிவக் கொக்கி அதன் இடுப்பில் போய் உட்காரும். ரேஸ் வண்டிகளில் சைடு ஸ்டாண்டே இருக்காது, அங்கே இந்தப் பிடியை நம்பித்தான் வண்டியை நிறுத்துகிறார்கள். உங்கள் வண்டியில் ஓட்டை இருந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம், இதையே வாங்குங்கள்.

ஸ்பூல் வாங்கும்போது மரை அளவில்தான் பலர் தவறுகிறார்கள். யமஹாவில் பெரும்பாலும் எம்6 (அதாவது 6 மி.மீ. மரை), ஹோண்டா, சுசுகியில் பெரும்பாலும் எம்8, கேடிஎம்மிலும் பல கவாசாகி வண்டிகளிலும் எம்10. ஒரே கம்பெனியிலும் மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் உங்கள் வண்டிக்குரிய அளவைப் பார்த்து வாங்குங்கள். முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருகுங்கள். அலுமினிய ஸ்விங் ஆர்மில் ஸ்பேனர் போட்டு வலிந்து ஏற்றினால் மரை போய்விடும், அதைச் சரிசெய்வது ஸ்டாண்டை விடப் பெரிய செலவு.

ஓட்டை இல்லாத வண்டிக்கு, ஆக்சில் (சக்கர அச்சு) நட்டோடு சேர்த்து மாட்டும் ஸ்பூல் பிராக்கெட் கிடைக்கிறது. பட்டைத்தகடு கனமான இரும்பாக இருக்கட்டும். மாட்டிய பிறகு ஆக்சில் நட் முழு மரையும் பிடிக்கிறதா, செயின் அட்ஜஸ்டர் தடையில்லாமல் நகர்கிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் அந்த பிராக்கெட் வேண்டாம். ஸ்விங் ஆர்மில் நாமே டிரில் போட்டு மரை வெட்டுவதை ஒருபோதும் செய்யாதீர்கள், வண்டியின் பாரத்தைத் தாங்கும் உறுப்பு அது.

எல் பட்டையையும் வி கொக்கியையும் மாற்றி மாற்றி மாட்டக்கூடிய ஸ்டாண்ட் கிடைத்தால் அதுவே நல்லது, வண்டி மாறினாலும் ஸ்டாண்ட் கைவிடாது. அகலத்தை உங்கள் வண்டிக்கு ஒருமுறை சரியாக வைத்து, குழாயில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். கொக்கி ஸ்விங் ஆர்மில் உரசினால் நீளமான ஸ்பூல் போட்டால் சரியாகிவிடும்.

சக்கரத்தை ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் ஒற்றைக் கை ஸ்விங் ஆர்ம் வண்டிக்கு இவை இரண்டுமே ஆகாது. ஆக்சிலின் நடு ஓட்டைக்குள் நுழையும் தண்டு (பின்) வைத்த தனி ஸ்டாண்ட் வேண்டும், பின்னின் விட்டமும் நுழையும் பக்கமும் மாடலுக்கு மாடல் வேறு. முன்சக்கர ஸ்டாண்டிலும் இரண்டு வகை. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் அடியில் தாங்குவது சக்கரம் கழற்றப் போதும். ஃபோர்க்கையே கழற்ற வேண்டுமென்றால், ஹேண்டில் தண்டின் அடி ஓட்டையில் பின் நுழைத்துத் தூக்கும் வகைதான் உதவும். எதுவானாலும் பின்பக்கம் ஸ்டாண்டில் ஏறிய பிறகே முன்பக்கம், இறக்கும்போது முன்பக்கம் முதலில்.

தனியாகத் தூக்குபவர்கள் சைடு ஸ்டாண்டின் அடியில் ஒரு மரப்பலகை வைத்தால் வண்டி கொஞ்சம் நிமிர்ந்து நிற்கும், இரண்டு கொக்கியும் ஒரே நேரத்தில் பிடிக்கும். இறக்குவதற்கு முன் சைடு ஸ்டாண்ட் விரிந்திருக்கிறதா என்று காலால் தட்டிப் பாருங்கள்.

ஏற்றியபின் சக்கரத்தைக் கையால் மட்டும் சுற்றுங்கள். இன்ஜினை ஓடவிட்டு கியரில் போட்டுச் செயினைத் துடைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். துணி ஒருமுறை சிக்கினால் போதும், விரலும் அதோடு ஸ்ப்ராக்கெட் பற்சக்கரத்துக்குள் போய்விடும்.