சிறுகதையா, நாவலா?

‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகத்தையும் முடித்தவரிடம் கதை கேளுங்கள். சதிகள் குழம்பும், யாருக்கு யார் என்ன உறவு என்பது மறக்கும். ஆடிப்பெருக்கன்று வீராணம் ஏரிக்கரையில் குதிரையில் வரும் வந்தியத்தேவனை மட்டும் சொந்தக்காரர் போலச் சொல்வார். 1950இல் தொடங்கி மூன்று ஆண்டுகளுக்கு மேல் வாராவாரம் வந்த தொடர். அத்தனை நாள் கூடவே இருந்தால் பாசம் வராதா? ஆனால் அத்தியாயத்துக்கு அத்தியாயம் திடுக்கிட வைத்து நிறுத்துவது, புத்தகமாக ஒரே மூச்சில் படிக்கும்போது கொஞ்சம் அலுக்கும்.

சிறுகதைக்கு அவ்வளவு நேரம் கிடையாது. புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ பாருங்கள். சென்னை பிராட்வே முனையில் டிராம் வண்டியா, பஸ்ஸா, நடையா என்று கணக்குப் போட்டு நிற்கிறார் பிள்ளை; எதிரே கடவுள். காப்பி ஆகிறது. அப்புறம் அவரையே தம் வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தாதாரராகப் பிடிக்கப் பார்க்கிறார்! பிள்ளையின் பிழைப்பு மொத்தமும் அந்தச் சந்தாவில் தெரிந்துவிடுகிறது. இதை நாவலாக எழுதினால் இரண்டு அத்தியாயம் பிடிக்கும்.

என் ஓட்டு சிறுகதைக்குத்தான். ஆனால் ஒன்று, சிறுகதைத் தொகுப்பை வரிசையாகப் படிக்காதீர்கள். நாலாவது கதையில் மனசு நிற்காது. நாளுக்கு ஒன்று போதும். நீண்ட ரயில் பயணத்துக்கு, சரி, நாவலே எடுத்துக்கொள்ளுங்கள்.