நாட்பட்ட நோவுக்கு வெள்ளவத்தையில் ஒரு தமிழ் வகுப்பு: போகலாமா?

நாரி, கழுத்து, முழங்கால் நோ மூன்று மாதத்துக்கு மேல் விடாமல் இருப்பவர்களுக்காக வெள்ளவத்தையில் ஒரு பிசியோ நிலையம் வாரம் ஒருமுறை குழு வகுப்பு நடத்துகிறது. இயன்மருத்துவரும் உளவளத்துணையாளரும் சேர்ந்து, முழுக்கத் தமிழில். நோவை அடியோடு போக்குவோம் என்று அவர்கள் சொல்வதில்லை. வகுப்பில் பழக்கும் முறைகளால் நோ குறைவது கொஞ்சம்தான். நோ இருக்கவே செய்யக்கூடிய வேலைகள் கூடும். இதை முதல் நாளே சொல்லிவிடுவது நல்ல விஷயம்.

வகுப்பில் மிகச் சிறந்தது, வேலையை அளந்து செய்யப் பழக்கும் பகுதி. நோக் குறைந்த நாளில் வீடு முழுக்கக் கூட்டித் துடைத்துவிட்டு அடுத்த இரண்டு நாள் படுத்துக் கிடப்பதுதான் பலருடைய வழக்கம். அதை மாற்ற ஒரு வேலையை எடுத்து, உதாரணமாகத் தேங்காய் திருவுவதை, நோ கூடும்வரை எத்தனை நிமிடம் முடிகிறது என்று மூன்று நாள் கொப்பியில் குறிக்கச் சொல்கிறார்கள். 12, 8, 10 என்றால் சராசரி 10. அதில் ஐந்தில் ஒன்றைக் கழித்து 8 நிமிடத்தில் தொடங்க வேண்டும். அலாரம் அடித்ததும், நோ இல்லாவிட்டாலும், நிறுத்த வேண்டும். வாரத்துக்குப் பத்து வீதம் கூட்டலாம். இது தவறிப்போவது அநேகமாக முதல் நல்ல நாளில்தான்: "இண்டைக்குப் பரவாயில்லை" என்று அலாரத்தை அணைத்துவிடுவார்கள். ஒவ்வொரு வாரமும் கொப்பியைப் பார்ப்பது இதைப் பிடிக்கத்தான்.

"எலும்பு தேய்ஞ்சிட்டுது, குனிஞ்சா முறிஞ்சிடும்" என்ற பயத்துக்கு விரிவுரை வைப்பதில்லை. நோவே இல்லாதவர்களின் ஸ்கேனிலும் தேய்மானம் சாதாரணமாகத் தெரியும் என்று சொல்லிவிட்டு, பயத்தை நூற்றுக்கு எவ்வளவு நம்புகிறீர்கள் என்று எழுத வைக்கிறார்கள். பிறகு இயன்மருத்துவர் முன்னாலேயே குனிந்து பார்த்து, மறுபடி எழுத வேண்டும். இதுதான் சரியான முறை.

தளர்வுப் பயிற்சி சுமார்தான். தசையை 5 விநாடி இறுக்கி 20 விநாடி தளர்த்தச் சொல்லும் தாளில், நோவுள்ள இடத்தை இறுக்கவே கூடாது அல்லது மெதுவாக மட்டும் இறுக்க வேண்டும் என்ற எச்சரிக்கை இல்லை. கழுத்து நோக்காரர் கழுத்தை முழுப் பலத்தோடு இறுக்கினால் பிடித்துக்கொள்ளும்.

பெரிய குறை, வீட்டாரை அழைக்காதது. "நீங்க இருங்கோ அம்மா, நான் திருவுறன்" என்று மகள் ஓடி வரும் வீட்டில் அந்த 8 நிமிடக் கணக்கு நிலைக்காது. ஒரு வகுப்பாவது அவர்களுக்கு வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

சலம், மலம் அடக்க முடியாமல் போதல், உட்காரும் பகுதி (பிட்டம், தொடையிடுக்கு) மரத்தல், கால் பலவீனம் கூடிக்கொண்டு போதல் இருந்தால் வகுப்புக்கு அல்ல, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நோவோடு காய்ச்சலோ காரணமில்லாத மெலிவோ இருந்தாலும் முதலில் டொக்டரிடம் காட்டுங்கள்.

மண்டபம் இரண்டாம் மாடியில், லிஃப்ட் இல்லை. முழங்கால் நோக்காரர் பதியும்போதே கீழ்த்தள அறை கேட்கவும்.