கோடைப் பள்ளத்தாக்கில் தொலைதூரப் பாராகிளைடிங்: ஒரு 'பி' வகை இறக்கையுடன் நீண்டகால அனுபவம்

மலைப் பள்ளத்தாக்குகளில் கோடைக்காலத் தொலைதூரப் பறத்தலுக்காக நடுத்தரமான 'பி' வகை பாராகிளைடர் ஒன்றையும், கால்களை உறைபோல் மூடும் இருக்கையான பாட் ஹார்னஸையும், ஏறும், இறங்கும் வேகத்தை எண்ணாலும் ஒலியாலும் காட்டும், ஜிபிஎஸ் இணைந்த வேரியோமீட்டரையும் பல கோடைகளாகப் பயன்படுத்தி வருகிறேன். இறக்கை புதிதாக வந்த சில வாரங்களில் எழுதப்படும் மதிப்புரைகளில் அதன் வேகமும், ஒரு மீட்டர் உயரத்தை இழந்து எத்தனை மீட்டர் முன்னேறுகிறது என்ற சறுக்கு விகிதமும்தான் பெரிதாகப் பேசப்படும். என் அனுபவத்தில் அவ்விரண்டையும்விட, பள்ளத்தாக்குக் காற்றின் நேரக் கணக்கும், இறக்கையை விமானியோடு இணைக்கும் மெல்லிய கயிறுகளான லைன்களின் நீளமுமே ஒரு நாளின் தூரத்தைத் தீர்மானித்தன.

ஐரோப்பியத் தரநிலையான இ.என். 926, பாராகிளைடர்களை ஏ, பி, சி, டி என நான்கு வகைகளாகப் பிரிக்கிறது. சோதனை விமானி இறக்கையை வேண்டுமென்றே மடித்து, அது தானாக எவ்வளவு விரைவாக விரிகிறது, எவ்வளவு திரும்புகிறது, எவ்வளவு முன்னே பாய்கிறது என்பதைப் பார்த்தே அந்த எழுத்து வழங்கப்படுகிறது. இச்சோதனைகள் அமைதியான காற்றில் நடப்பவை. கோடை நண்பகலில், பாறை முகட்டின் காற்று மறைவுப் பக்கத்தில் எழும் வெப்பக் காற்றில் அந்த எழுத்து தரும் உறுதி பாதியாகிவிடும் என்று எண்ணிக்கொள்வதே நல்லது. இருந்தும், என் இறக்கை பக்கவாட்டில் மடிந்தபோதெல்லாம் எடையை எதிர்ப்பக்கம் சாய்த்துத் திசையைக் காத்தால் போதுமானதாக இருந்தது. கைகளால் இறக்கையின் பின்விளிம்பைக் கீழே இழுக்கும் பிரேக்கை ஆழமாக இழுக்க வேண்டிய தேவை அரிதாகவே நேர்ந்தது. பல மணி நேரம் பறந்து களைத்த கைகளுக்கு இந்தப் பொறுமை பெரிய உதவி.

கோடைநாளின் போக்கைச் சரிவுகளின் திசையே வகுக்கிறது. காலையில் கிழக்கு நோக்கிய சரிவுகள் முதலில் சூடேறுகின்றன. ஆனால் இரவில் பள்ளத்தாக்கின் அடியில் தேங்கிய குளிர்ந்த காற்று கரையும்வரை, அடிவாரத்தில் எழும் வெப்பக் காற்று மேலே செல்லாமல் மடங்கிவிடும். எனவே உயரமான புறப்பாட்டு இடமே காலை நேரத்துக்கு ஏற்றது. நண்பகலில் தெற்குச் சரிவுகளும் அதன்பின் மேற்குச் சரிவுகளும் வேலை செய்யத் தொடங்கும். முக்கோணப் பாதையில் சென்று திரும்ப நினைப்பவர் இந்த வரிசையை ஒட்டியே திருப்புமுனைகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மிகக் குறுகிய பக்கம் மொத்தத் தூரத்தில் 28 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது உலக வான்விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.ஏ.ஐ.-யின் முக்கோண விதி, குறுகலான பள்ளத்தாக்கில் அதை நிறைவேற்ற, எதிர்ப்பக்க மலைத்தொடருக்கு ஒருமுறையாவது குறுக்கே கடந்தாக வேண்டும்.

அந்தக் குறுக்குப் பயணத்தில்தான் பள்ளத்தாக்குக் காற்று தன் கணக்கைத் தீர்த்துக்கொள்கிறது. மலைகளுக்கு இடையே அடைபட்ட காற்றின் கன அளவு, அதே பரப்பளவுள்ள சமவெளியின் மேலுள்ள காற்றைவிடக் குறைவு. ஆகவே ஒரே வெயிலில் அது கூடுதலாகச் சூடேறி, அங்கே அழுத்தம் தாழ்கிறது. சமவெளியின் காற்று பள்ளத்தாக்கின் வாய் வழியாக உள்ளே பாய்கிறது. முற்பகலின் கடைசியில் மெல்லத் தொடங்கும் இந்த ஓட்டம் பிற்பகலில் மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டுவது சாதாரணம். பள்ளத்தாக்கு குறுகும் இடத்திலும் வளையும் இடத்திலும் இன்னும் கடுமையாகும். ஸ்விட்சர்லாந்தில் ரோன் பள்ளத்தாக்கு முழங்கைபோல் மடங்கும் மார்த்திக்னி இதற்குப் பெயர்பெற்றது. அதே நாட்டின் மேல் எங்காடின் பள்ளத்தாக்கில் வீசும் மலோயா காற்றோ, பகலில் கீழிருந்து மேலாக வீசும் பொது வழக்கத்துக்கு மாறாகக் கணவாயைத் தாண்டிவந்து பள்ளத்தாக்கின் மேலிருந்து கீழாக வீசும். உள்ளூர்க் காற்றைப் பற்றி அங்கு பறப்பவர்களிடம் கேட்காமல் புதிய பள்ளத்தாக்கில் புறப்படக் கூடாது என்பதற்கு இந்த ஓர் உதாரணமே போதும்.

எண்களில் பார்த்தால் விஷயம் தெளிவாகும். என் இறக்கை பிரேக்கைத் தொடாமல் மணிக்கு ஏறத்தாழ 38 கிலோமீட்டர் வேகத்தில், 9-க்கு 1 என்ற விகிதத்தில் சறுக்குகிறது. மணிக்கு 20 கிலோமீட்டர் எதிர்காற்றில், தரையைப் பொறுத்த அந்த விகிதம் 4-ஐச் சற்றே தாண்டும் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. வேகத்தைக் கூட்டக் காலால் மிதிக்கும் ஸ்பீட் பாரைப் பாதிவரை மிதித்தால் 5-ஐ நெருங்கும். இதே எதிர்காற்றில் உயர்வகை இறக்கையும் பெரிதாகத் தப்பிவிடுவதில்லை. அதே குறுக்குப் பயணத்தை ஒரு மணி நேரம் முன்னதாக மேற்கொண்டால் கிடைக்கும் ஆதாயத்தை, வகையில் ஒரு படி ஏறுவதால் பெற முடியாது. சறுக்கு விகிதத்தில் அரைப் புள்ளிக்காகப் புதிய இறக்கை வாங்கத் துடிப்பவர்கள் காலையில் சீக்கிரம் எழுந்து பார்க்கலாம்.

தரையிறங்கும் நேரமும் இதே காற்றின் பிடியில்தான் இருக்கிறது. முகட்டின் உயரத்தில் காற்று மென்மையாக இருக்கும். கடைசி சில நூறு மீட்டர்களில் தரைவேகம் சட்டென்று குறைந்து, சில வேளைகளில் பூஜ்யத்தைத் தொடும். அதனால் உயரம் கையில் இருக்கும்போதே கீழே காற்றின் அடையாளங்களைத் தேடும் பழக்கம் எனக்கு உண்டு. நீர்நிலையின் ஒரு கரையோரம் மட்டும் கண்ணாடிபோல் அசைவற்று, எஞ்சிய பரப்பு சுருங்கிக் கருத்திருந்தால், அசைவற்ற கரையின் பக்கமிருந்து காற்று வீசுகிறது. மரங்களின் இலைகள் வெளிறிய அடிப்பக்கத்தைக் காட்டினால் காற்று வலுத்துவிட்டது. திறந்த பெரிய களமாக இருக்க வேண்டும். மரவரிசைக்கோ கட்டடத்துக்கோ பின்னால் இறங்கக் கூடாது. மின்கம்பிகள் கண்ணுக்குத் தெரியாது என்பதால் கம்பங்களையே தேட வேண்டும்.

இறக்கையின் நீண்டகால நிலையில் நான் எதிர்பாராதது லைன்களில் நேர்ந்த மாற்றம். முன்வரிசையான ஏ லைன்கள் எப்போதும் மிகுந்த சுமையைத் தாங்குவதால் தம் நீளத்தைத் தக்கவைத்துக்கொள்கின்றன. பின்வரிசை லைன்கள், சுமை குறைவு என்பதாலும் ஈரம் பட்டு உலர்வதாலும், குறிப்பாக டைனீமா என்ற செயற்கை இழையாக இருந்தால், மெல்லச் சுருங்குகின்றன. ஓரிரு சென்டிமீட்டர் வேறுபாடே, எதிர்வரும் காற்றை இறக்கை சந்திக்கும் கோணமான தாக்குகோணத்தைக் கூட்டிவிடும். என் இறக்கையில் இதன் அறிகுறி முதலில் புறப்பாட்டில் தெரிந்தது: காற்று குறைந்த காலைகளில் இறக்கை தலைக்கு மேல் வராமல் பின்னாலேயே தயங்கி நின்றது. பிறகு, ஒன்றாகப் பறப்பவர்களுக்கு இணையாகச் செல்லவே ஸ்பீட் பாரை மிதிக்க வேண்டியிருந்தது. பரிசோதனைக் கூடத்தில் லைன்களை அளந்து, லைன்களை ஹார்னஸோடு சேர்க்கும் பட்டையான ரைசரின் இணைப்பு வளையத்தில் இருந்த கூடுதல் சுற்றுகளை அவிழ்த்துச் சரிசெய்தபின் பழைய வேகமும் பழைய புறப்பாடும் திரும்பின. துணியின் காற்றுப்புகு தன்மையும் அப்போது சோதிக்கப்பட்டது. வெயிலில் விரித்துப்போட்டுக் காத்திருக்கும் வழக்கம் இல்லாததாலோ என்னவோ, அது நல்ல நிலையில் இருந்தது. பழைய இறக்கை "சோர்ந்துவிட்டது" என்று விற்க நினைப்பவர்கள் முதலில் லைன்களை அளந்து பார்க்கட்டும்.

பாட் ஹார்னஸின் உண்மையான பயன் குளிரைத் தடுப்பதே. உலர்ந்த வெப்பக் காற்று ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் ஏறத்தாழ 1 டிகிரி குளிர்கிறது. 800 மீட்டரில் 30 டிகிரி வெயிலில் வியர்க்க நிற்பவர், 3,300 மீட்டரில் உள்ள மேக அடிவாரத்தில் 5 டிகிரியில், முகத்தில் அறையும் காற்றோடு அமர்ந்திருப்பார். விரல் மரத்துப்போனால் பிரேக்கில் வரும் நுண்ணிய செய்திகள் எட்டாது. தடித்த கையுறையும் அதேபோல் மறைக்கிறது. மெல்லிய உள்ளுறையின் மேல் காற்றுப்புகா உறை என்ற இரட்டை ஏற்பாடே எனக்கு ஒத்துவந்தது. தண்ணீர்ப் பையின் குழாயைத் தோள்பட்டியில் கட்டிவைப்பது அவசியம். அதற்கு இணையான அவசியம் சிறுநீருக்கான ஏற்பாடு, அதை எந்த விளம்பரப் படமும் காட்டுவதில்லை.

வேரியோமீட்டரில் கணநேர ஒலியைவிட 20 விநாடிச் சராசரி ஏற்றமே முடிவெடுக்க உதவியது. ஒலி பரபரப்பூட்டும், வெப்பக் காற்றை விட்டுப் போகலாமா என்பதைச் சராசரிதான் சொல்லும்.

மேகத்தின் அடியில் ஏற்றம் வலுக்கும்போது அந்தச் சராசரியை ரசித்துக்கொண்டிருக்கக் கூடாது. 2007 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் மனில்லாவில் இடிமேகத்துக்குள் இழுக்கப்பட்ட ஏவா விஷ்னியெர்ஸ்கா 9,946 மீட்டர் உயரம்வரை கொண்டுசெல்லப்பட்டு, நினைவிழந்தும் உயிர் பிழைத்தார். அதே மேகத்தில் சிக்கிய மற்றொரு விமானி பிழைக்கவில்லை. கோடைப் பள்ளத்தாக்கில் நண்பகலுக்கு முன்பே மேகங்கள் அகலத்தைவிட உயரத்தில் கூடுதலாக வளர்ந்தால், அன்றைய பாதையைச் சுருக்கிவிடுகிறேன். ரிசர்வ் பாராசூட்டை ஆண்டுதோறும் பிரித்து மடிக்கிறேன். அதன் தரநிலை அனுமதிக்கும் உச்ச இறக்க வேகம் விநாடிக்கு 5.5 மீட்டர், அதாவது ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து குதிப்பதற்குச் சமம்; பாறைச் சரிவில் அது சிறிய அடி இல்லை.

அடுத்த இறக்கையையும் 'பி' வகையிலேயே வாங்கவிருக்கிறேன். ஆனால் அளவைத் தேர்ந்தெடுக்கும்போது, மொத்த எடை அனுமதிக்கப்பட்ட வரம்பின் மேல் மூன்றில் ஒரு பங்கில் அமையும்படி பார்த்துக்கொள்வேன். வலுவான கோடைக் காற்றில் சுமை ஏறிய இறக்கை சற்று வேகமாகவும் இறுக்கமாகவும் நிற்கிறது. மென்மையான மாலை ஏற்றங்களில் அதனால் இழப்பது கொஞ்சமே.