கதேயின் பிளாஸ்டர் தலை: ஏலத்தில் எடுப்பதா, புதிதாக வார்க்கச் சொல்வதா?

ஜெர்மன் ஏலப் பட்டியல்களில் "பத்தொன்பதாம் நூற்றாண்டு, பிளாஸ்டர், மார்பளவுச் சிலை" என்ற குறிப்பு அடிக்கடி வரும். அதே குறிப்போடு வரும் பொருள்கள் ஒரே ரகமாக இருப்பதில்லை. சிற்பி ரவுஹ் செய்த, ஜெர்மன் கவிஞர் கதேயின் தலையையே எடுத்துக்கொள்வோம். 1820இல் யேனா நகரில் கவிஞரை உட்காரவைத்து ரவுஹும் இன்னொரு சிற்பியான டீக்கும் ஆளுக்கொரு தலை வடித்தார்கள். ரவுஹ் செய்ததுதான் அதிகம் பரவியது.

முதல் ரகம், பட்டறை மூலம்: சிற்பியின் களிமண் தலையிலிருந்து நேராக எடுத்த முதல் பிளாஸ்டர். களிமண் காய்ந்தால் வெடித்துவிடும் என்பதால், அதன் மேல் அச்செடுத்து பிளாஸ்டர் ஊற்றுவார்கள். அச்சை உடைத்துத்தான் சிலையை வெளியே எடுக்க முடியும், ஆகவே ஒன்றுதான் கிடைக்கும். பளிங்கில் செதுக்குபவர் அளவெடுத்த பென்சில் புள்ளிகளும் ஊசித் துளைகளும் அதில் அப்படியே இருக்கலாம். அழுக்கேறிப் பார்க்கச் சுமாராக இருக்கும். என் ஓட்டு இதற்குத்தான்.

இரண்டாவது, விற்பனை வார்ப்பு. பெர்லினில் 1824இல் தொடங்கிய மிக்கேலி போன்ற நிறுவனங்கள் செய்தவை. பல துண்டுகளாகப் பிரியும் அச்சு என்பதால் வேண்டிய மட்டும் வார்க்கலாம். துண்டுகள் சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடுகள் விழும். சிக்கல் இந்த ரகத்தில்தான்: முதல் ரகத்தின் விலையைக் கேட்பார்கள். கோடு இருப்பதாலேயே தள்ளிவிடவும் முடியாது, பட்டறைகளிலும் துண்டு அச்சு உண்டு. கண்ணிமையையும் முடிக்கற்றையையும் பாருங்கள். திரும்பத் திரும்பச் சாயம் பூசியிருந்தால் அவை மழுங்கியிருக்கும். வார்ப்பிலிருந்து எடுத்த வார்ப்பானாலும் அப்படித்தான். வெண்கலத்தில் இந்தத் திருட்டை அளவுநாடா காட்டிக்கொடுக்கும், உலோகம் ஆறும்போது சுருங்குமே. பிளாஸ்டர் இறுகும்போது சுருங்காது, கொஞ்சம் விரியக்கூடச் செய்யும். அதனால் இங்கே கண்தான் அளவுகோல்.

மூன்றாவது ஏலத்துக்கு வெளியே. 1819இல் தொடங்கிய பெர்லின் அரசு வார்ப்புக்கூடம் இன்றும் பழைய அச்சுகளிலிருந்து வார்த்துத் தருகிறது. அதன் முதல் தலைவரே ரவுஹ்தான். சுமார் 7,000 அச்சுகள் வைத்திருக்கிறார்கள். வரவேற்பறையில் ஒரு அழகான தலை வேண்டும், அவ்வளவுதான் என்றால் இங்கே போங்கள். எது அசல் என்ற தலைவலியே இல்லை. மறுவிற்பனையில் மட்டும் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

ஏலத்தில் எடுப்பதானால் சுத்தியல் விழுந்த விலையோடு கணக்கு முடியாது. ஏலக் கட்டணமாகவே கால் பங்கு அளவுக்குக் கூடலாம், அப்புறம் பெட்டி கட்டும் செலவு வேறு. மூக்கு நுனியும் காது மடலும் ஒட்டுப்போட்டவையா என்று முன்பே எழுதிக் கேளுங்கள். பட்டறை மூலம் கையில் கிடைத்துவிட்டால் ஈரத்துணியால் துடைக்க வேண்டாம். பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்சும், அழுக்கும் கூடவே உள்ளே போகும், பென்சில் புள்ளிகளும் கலைந்துவிடும்.